என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் முடிந்த மறுநாளே, நிபுணர்கள் அணிகளுக்குப் போடும் கிரேடை நம்பலாமா?

ஜாலியாகப் படிக்கலாம், அதை வைத்துச் சண்டை போட வேண்டாம். அந்த கிரேடு ஆட்டத்துக்குப் போடுவதல்ல. பையன் இன்னும் ஒரு என்எஃப்எல் மேட்ச்கூட ஆடியிருக்க மாட்டான். நிபுணர் தன் பட்டியலில் 40ஆம் இடத்தில் வைத்தவரை அணி 15ஆவதாக எடுத்தால் மார்க் குறையும், அவ்வளவுதான்.

2012இல் சியாட்டில் சீஹாக்ஸ் வாங்கிக் கட்டிக்கொண்டது இப்படித்தான். புரூஸ் இர்வினை 15ஆவதாக எடுத்தார்கள். மூன்றாம் சுற்றில், 75ஆவதாக ரஸ்ஸல் வில்சன். ஆறடிகூட இல்லாத குவாட்டர்பேக்கா (பந்தை எறிந்து அணியின் தாக்குதலை நடத்துபவர்) என்று கேலி. போதாக்குறைக்கு, மேட் ஃப்ளின் என்ற இன்னொரு குவாட்டர்பேக்கை அப்போதுதான் நல்ல சம்பளம் பேசி எடுத்திருந்தார்கள். அதே டிராஃப்டில் 47ஆவதாக வந்தவர், பின்னாளில் தடுப்பாட்ட நட்சத்திரமான பாபி வாக்னர்! இந்தப் பையன்களோடுதான் 2014 பிப்ரவரியில் டென்வர் அணியை 43-8 என்று நொறுக்கி, லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை ஜெயித்தார்கள்.

அதனால் கிரேடு எழுத்தை விட்டுவிட்டு, அதன் கீழே எழுதியிருக்கும் காரணத்தைப் பாருங்கள். காயம், வயது பற்றிச் சொல்லியிருந்தால் கொஞ்சம் கவலைப்படலாம்.