முட்டைக்குள் வளரும் கருவை எந்தெந்த நாளில் பார்ப்பது?

கேள்வி: ஐயா, மின்விசிறி பொருத்திய சிறிய இன்குபேட்டரில் 60 நாட்டுக்கோழி முட்டைகளை வைத்தேன். 26 குஞ்சுகள்தாம் கிடைத்தன. மீதி 34 முட்டைகளை உடைத்துப் பார்த்ததில் 11 முட்டைகளில் கருவே இல்லை. 5 முட்டைகளில் இரத்தக் கோடு மட்டும் இருந்தது. 18 முட்டைகளில் இறகு முளைத்த குஞ்சுகள் செத்துக் கிடந்தன. கடைசி நாள் வரை முட்டைகளைத் திருப்பி விட்டேன். இடையில் கருவின் வளர்ச்சியைப் பார்ப்பது எப்படி? வெளிச்சம் காட்டினால் கரு செத்துவிடும் என்கிறார்களே?

பதில்: பொரிக்காத முட்டைகளை உடைத்துப் பார்த்து எண்ணிக்கையோடு எழுதியிருக்கிறீர்கள். பலர் எல்லாவற்றையும் கூமுட்டை என்று சொல்லிக் குப்பைக் குழியில் போட்டுவிடுகிறார்கள். ஆனால் உங்கள் 34 முட்டைகளும் ஒரே காரணத்தால் கெடவில்லை. கரு எந்த நாளில் நின்றுபோனது என்பதைக் கொண்டுதான் காரணத்தைத் தேட வேண்டும்.

வெளிச்சத்தால் கரு சாகாது. அடைக்கோழியே நாளுக்கு ஒருமுறை இரை பொறுக்கவும் எச்சமிடவும் எழுந்து போய், கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து உட்காருகிறது. அவ்வளவு நேரம் ஆறுவதை முட்டை தாங்கும். பத்துப் பத்து முட்டைகளாக வெளியே எடுத்து, குலுக்காமல் பார்த்துவிட்டு உடனே உள்ளே வைத்துவிடுங்கள்.

அறையை நன்றாக இருட்டாக்கிக்கொண்டு, ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுச் சிறிய துளையிட்ட அட்டையை டார்ச் விளக்கின் முகத்தில் ஒட்டி, முட்டையின் அகன்ற முனையை அந்தத் துளையின் மேல் வைத்துப் பாருங்கள். கருவின் இதயம் இரண்டாம் நாள் முடிவதற்குள்ளாகவே துடிக்கத் தொடங்கிவிடுகிறது. பழுப்பு ஓடுள்ள நாட்டுக்கோழி முட்டையில் அது தெரியாது, ஆகவே முதல் சோதனையை ஏழாம் நாளில் செய்வதே நல்லது. வைத்த நாளைக் கணக்கில் சேர்க்காமல், 24 மணி நேரம் முடிந்ததும் ஒரு நாள் என்று எண்ணுங்கள்.

ஏழாம் நாளில் உயிருள்ள முட்டைக்குள் ஒரு கரும்புள்ளியும், அதிலிருந்து சிலந்திக் கால்களைப் போலப் பரவும் சிவப்பு இரத்தக் குழாய்களும் தெரியும். அந்தக் கரும்புள்ளி குஞ்சின் கண். முட்டையை அசைக்காமல் சில நொடிகள் பிடித்திருந்தால், அது நீருக்குள் மிதப்பது போல மெல்ல ஆடுவதைக் காணலாம். எதுவுமில்லாமல் ஒரே சீராக ஒளிர்ந்தால் அது கருக்கூடாத முட்டை. இரத்தக் குழாய்கள் இல்லாமல் சிவப்பு வளையம் மட்டும் இருந்தால், முதல் சில நாட்களிலேயே கரு இறந்துவிட்டது. இரண்டையும் அகற்றிவிடுங்கள், அழுகினால் மற்ற முட்டைகளும் கெடும். பதினான்காம் நாளில் முட்டையின் பெரும்பகுதி இருண்டிருக்கும். பதினெட்டாம் நாளில் அகன்ற முனையில் காற்று நிற்கும் இடமான காற்றறையைத் தவிர மற்ற இடமெல்லாம் இருட்டாகிவிடும்.

இனி உங்கள் 18 குஞ்சுகளுக்கு வருவோம். இதுதான் பெரிய இழப்பு. இதைத் தவிர்க்கவும் முடியும். கரு ஓட்டின் உள்சவ்வோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கவே முட்டையைத் திருப்புகிறோம். பதினெட்டாம் நாளுக்குப் பிறகு அந்தத் தேவை இல்லை. அப்போது குஞ்சு தலையை அகன்ற முனைப் பக்கம் வைத்து, அலகால் காற்றறையைத் துளைத்து முதன்முதலாக மூச்சுவிடத் தயாராகிக்கொண்டிருக்கும்; மிச்சமுள்ள மஞ்சள் கருவும் வயிற்றுக்குள் இழுக்கப்படும். இந்நேரத்தில் திருப்பினால் அது நிலை தடுமாறும். முட்டைகளைக் கிடத்தி வைத்து, ஈரப்பதத்தை 65 முதல் 70 விழுக்காடாக உயர்த்தி, மூடியைத் திறக்காமல் விடுங்கள். அடிக்கடி திறந்தால் ஈரம் போய்ச் சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும். ஓடு விரிசல் விட்ட பிறகு வெளியே வர அரை நாளுக்கு மேலும் ஆகலாம். பரிதாபப்பட்டு உரித்துவிட்டால், சவ்வில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் இரத்தம் கசிந்து குஞ்சு போய்விடும்.

அந்தக் குஞ்சுகள் காய்ந்து ஒட்டியிருந்தனவா, நீர் கோத்து வீங்கியிருந்தனவா என்பதை நீங்கள் எழுதவில்லை. வீங்கியிருந்திருந்தால் முதல் 18 நாட்களில் ஈரம் மிகுந்து, முட்டையிலிருந்து போதிய நீர் வெளியேறவில்லை என்று பொருள். அந்த நாட்களில் 55 முதல் 60 விழுக்காடு ஈரப்பதமும், 37.5 முதல் 37.8 டிகிரி செல்சியஸ் வெப்பமும் இருக்க வேண்டும்.

கருக்கூடாத 11 முட்டைகளுக்குச் சேவலைப் பாருங்கள்; எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு நல்ல சேவல் வேண்டும். இரத்தக் கோடு கண்ட ஐந்தும், ஒரு வாரத்துக்கு மேல் சேர்த்து வைத்த முட்டைகளாகவோ வழியில் குலுங்கியவையாகவோ இருக்கலாம். தொடக்க நாட்களில் வெப்பம் ஏறி இறங்கினாலும் இப்படி ஆகும்.

அடுத்த முறை, வைக்கும் முன் பத்து முட்டைகளில் பென்சிலால் எண் எழுதி எடை போட்டுக்கொள்ளுங்கள். 45 கிராம் முட்டை பதினெட்டாம் நாளில் சுமார் ஐந்தரை கிராம் குறைந்திருந்தால் ஈரப்பதம் சரியாக இருந்திருக்கிறது. அதைவிடக் குறைவாக இழந்திருந்தால் அதற்கடுத்த முறை தண்ணீர்த் தட்டின் பரப்பைச் சுருக்குங்கள், கூடுதலாக இழந்திருந்தால் இன்னொரு தட்டு வையுங்கள்.