பிரம்மாஸ்திரமா, ஆப்பா?

கேள்வி: பிரையன் ட்ரூக்கர் என்ற அமெரிக்க டாக்டர் ரத்தப் புற்றுநோய்க்கு ‘இமாட்டினிப்’ என்ற பிரம்மாஸ்திரத்தைக் கண்டுபிடித்தார் என்று ஒரு ஞாயிறு மலரில் படித்தேன். என் அண்ணனுக்கும் ‘சிஎம்எல்’ என்று அதே மாத்திரைதான் கொடுக்கிறார்கள். அஸ்திரம்தான் கிடைத்துவிட்டதே, அதற்குப் பிறகும் அவர் ஏன் அதையே கட்டிக்கொண்டு அழ வேண்டும்? ஒரே மாத்திரைக்கு ஓர் ஆயுளா?
— பெயர் வேண்டாம் என்ற வாசகி, பட்டர்வொர்த்

பதில்: சகோதரி, உங்கள் கேள்வி இருக்கட்டும். முதலில் அந்தப் பிரம்மாஸ்திரத்தை ஒரு வழி பண்ண வேண்டும். நம் ஞாயிறு மலர்களில் கொசுவத்திச் சுருளும் பிரம்மாஸ்திரம், தேர்தல் அறிக்கையும் பிரம்மாஸ்திரம், முடி உதிர்வதை நிறுத்தும் எண்ணெயும் பிரம்மாஸ்திரம். அஸ்திரம் என்றால் ஒரு தடவை மந்திரம் சொல்லி விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். இமாட்டினிப் அப்படியா? தினம் 400 மில்லிகிராம், சாப்பாட்டோடு, பெரிய கிளாஸ் நிறையத் தண்ணீரோடு, ஆண்டுக்கணக்கில். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். விழுங்க முடியாதவர்கள் 400 மில்லிகிராம் மாத்திரையை 200 மில்லி தண்ணீரிலோ ஆப்பிள் சாற்றிலோ கரையும்வரை கலக்கி, உடனே குடித்துவிட வேண்டும். இப்படிக் கலக்கிக் குடிக்கிற அஸ்திரத்தை எந்தப் புராணத்தில் பார்த்தீர்கள்? நம்மை மட்டும் சொல்லிப் பயனில்லை. அமெரிக்காவின் டைம் இதழே 2001 மே மாதம் இதை அட்டையில் போட்டு ‘தோட்டா’ என்றது.

அது அஸ்திரமும் இல்லை, தோட்டாவும் இல்லை. ஆப்பு. அச்சுப் பிழை இல்லை, யோசித்துத்தான் எழுதுகிறோம்.

சிஎம்எல் என்ற நாள்பட்ட ரத்தப் புற்றுநோயில், எலும்பு மஜ்ஜையில் உள்ள ஓர் உயிரணுவில் 9ஆவது குரோமோசோமும் 22ஆவது குரோமோசோமும் நுனிகளை மாற்றிக்கொள்கின்றன. 1960இல் பிலடெல்பியாவில் பீட்டர் நவ்வலும் டேவிட் ஹங்கர்ஃபோர்டும் குட்டையாகிப்போன ஒரு குரோமோசோமைப் பார்த்தார்கள். அது இந்த மாற்றத்தால் வந்த குட்டை என்று 1973இல் சிகாகோவில் ஜேனட் ரவுலி காட்டினார். (குரோமோசோம் என்று எழுதும்போதெல்லாம் ‘நிறமூர்த்தம் என்ற நல்ல தமிழ் இருக்க…’ என்று கடிதம் போடும் சித்தியவான் அன்பருக்கு: தெரியும் ஐயா.) ஒட்டு மாங்கன்று போல இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொண்டு ஒரு புதுப் புரதத்தை உண்டாக்குகின்றன. அதன் வேலை, ஏடிபி என்ற எரிபொருளிலிருந்து பாஸ்பேட்டைப் பிய்த்து மற்ற புரதங்கள்மேல் ஒட்டுவது. சாதாரணப் புரதம் வேண்டியபோது எழுந்து, வேலை முடிந்ததும் உட்கார்ந்துவிடும். இந்த ஒட்டுப் புரதம் எழுந்து நின்றே பழகியது. வெள்ளையணுக்கள் பெருகிக்கொண்டே போகும்.

இமாட்டினிப் செய்வது இதுதான். அந்தப் புரதம் கொஞ்ச நேரம் குந்துகிற தருணம் பார்த்து, ஏடிபி வந்து உட்காரும் பள்ளத்துக்குள் இறங்கி அடைத்துக்கொள்கிறது. புரதத்தால் திரும்ப எழுந்திருக்க முடியாது. நம் ஊரில் இதற்கு ஆப்பு வைப்பது என்றுதான் பெயர். ஒரு கூட்டத்தில் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு எழ முடியாமல் செய்வதற்கு நாம் எத்தனை சங்கத் தேர்தல்களில் பயிற்சி எடுத்திருக்கிறோம்! தமிழர்களுக்கு இந்த மருந்தின் செயல்முறையை விளக்கவே வேண்டியதில்லை.

‘கண்டுபிடித்தார்’ என்பதும் முழுக்கச் சரியில்லை. ஆப்பைச் செதுக்கியவர்கள் ஸ்விட்சர்லாந்தின் சீபா-கெய்கி நிறுவனத்தில் நிக் லைடன் குழுவினர். வேதியியல் வேலை யூர்க் ஜிம்மர்மனுடையது. ட்ரூக்கர் 1993இல் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டுக்கு வேலைக்குப் போன கையோடு லைடனிடம் சரக்குக் கேட்டு வாங்கி, எந்த ஆப்பு எந்த மரத்துக்குப் பொருந்தும் என்று பார்த்தார். ஒட்டுப் புரதம் உள்ள அணுக்கள் செத்தன, மற்றவை பிழைத்தன. 1996இல் முடிவு அச்சேறியது. அதே ஆண்டு சீபா-கெய்கி இன்னொரு நிறுவனத்தோடு சேர்ந்து நோவார்ட்டிஸ் ஆனது. சிஎம்எல் அபூர்வமான நோய், வாங்குகிறவர்கள் குறைவு. அதனால் நிறுவனம் தயங்கியது. நச்சுச் சோதனையில் நாய்களின் கல்லீரல் கெட்டதும் ஒரு சாக்கு. விடாமல் நச்சரித்து 1998 ஜூனில் மனிதர்களிடம் சோதனையைத் தொடங்க வைத்ததுதான் ட்ரூக்கருடைய பெரிய சாதனை. முதலில் வெறும் 25 மில்லிகிராம், பிறகு படிப்படியாக ஏற்றினார்கள். 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்த 54 பேரில் 53 பேருக்கு ரத்த எண்ணிக்கை சீரானது. 2001 மே 10இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது.

கதை முடிந்தது என்று நினைத்தீர்களா? அதே 2001இல்தான் ஆப்பு கழன்ற கதையும் வந்தது. மருந்து கேட்காமல் போன நோயாளிகளின் புரதத்தில் 315ஆவது இடத்தில் திரியோனின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் ஐசோலூசின் என்ற வேறோர் அமினோ அமிலம் உட்கார்ந்திருப்பதைச் சார்ல்ஸ் சாயர்ஸ் குழு கண்டது. திரியோனின் மருந்தைக் கைகொடுத்துப் பிடித்துக்கொள்ளும். ஐசோலூசினுக்குக் கையும் இல்லை, உடம்பும் பெரிது, வாசலை மறித்துக்கொள்ளும். துறைக்காரர்களே அந்த இடத்துக்கு வாயிற்காவலன் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். பிறகு வந்த டாசாட்டினிப், நிலோட்டினிப் என்ற இரண்டு மருந்துகளையும் அவன் உள்ளே விடவில்லை. 2012இல் அனுமதி பெற்ற போனாட்டினிப்தான் நுழைந்தது. அதற்கு விலையாக ரத்தக்குழாய் அடைப்பு பயம். அசிமினிப் வாசல் பக்கமே போகாமல், புரதத்தின் பின்பக்கத்தில் வேறொரு குழியில் போய்ச் செருகிக்கொள்கிறது. ஓர் ஆயுளா என்று கேட்டீர்களே, ஒரு தச்சனைக் கேளுங்கள், ஒரு கதவு எத்தனை தடவை இழைப்புளிக்கு வரும் என்று.

ஆப்பு என்றதும் ஆப்பசைத்த குரங்கு வந்துதானே ஆக வேண்டும். உங்கள் அண்ணன் விஷயத்துக்கு வருகிறோம். ‘உடம்பு நல்லாத்தானே இருக்கு, வாரத்துக்கு ஒரு நாள் விட்டால் என்ன’ என்று பிடுங்கிப் பார்ப்பவர்கள் உண்டு. லண்டனில் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையினர் மாத்திரைப் புட்டியின் மூடிக்குள் மின்னணுச் சில்லு வைத்து, அது திறக்கப்படும் நேரங்களை மூன்று மாதம் பதிவு செய்தார்கள். 2010இல் வெளியான கணக்கு: பத்தில் ஒன்பதுக்கு மேல் ஒழுங்காகப் போட்டவர்களில் சுமார் 94 சதவீதத்தினர் நோய்ச் சுவடு ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற நல்ல கட்டத்தை எட்டினார்கள். அதற்குக் கீழே போனவர்களில் 28 சதவீதம்தான். பத்தில் ஒன்று என்பது மாதத்துக்கு மூன்று மாத்திரை. தைப்பூச விரதத்தில் ஒருவேளைச் சாப்பாடு என்றால் அந்த ஒருவேளையோடு மாத்திரை, அவ்வளவுதான். கண்ணுக்குக் கீழே வீங்குகிறது, கெண்டைக்கால் இழுக்கிறது என்றால் டாக்டரிடம் சொல்லட்டும், தானாக நிறுத்த வேண்டாம். பிறகு மருந்து மாறி நிலோட்டினிப் வந்தால் சட்டம் நேரெதிர்: முன்னே இரண்டு மணி நேரம், பின்னே ஒரு மணி நேரம் வயிறு காலி. நாசி கண்டார் சோறு சாப்பிட்ட வாயோடு அதைப் போட்டால் ரத்தத்தில் மருந்து எகிறி இதயத் துடிப்பு தாளம் தப்பலாம்.

அஸ்திரத்துக்கு ஒரே ஒரு இடத்தில் மதிப்பெண் தருகிறோம். அனுமனைப் பிரம்மாஸ்திரம் கட்டியிருக்க, அரக்கர்கள் அதுபோதாதென்று மரவுரிக் கயிறும் சுற்றினார்கள். வேறு கட்டுப் பட்டதும் அஸ்திரம் தானே கழன்றுகொண்டது. வாட்ஸ்ஆப் மாமாக்கள் அனுப்பும் துரியான் பெலாண்டா (முள் சீத்தா) இலைக் கஷாயம் அந்த மரவுரிக் கயிறுதான். நோயாளிகளிடம் சோதித்து நிரூபித்த பயன் அதற்கு இல்லை, மாத்திரையோடு என்ன செய்யும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. ‘செயின்ட் ஜான்ஸ் வோர்ட்’ என்று மனச்சோர்வுக்கு விற்கும் மூலிகை, கல்லீரலை முடுக்கிவிட்டு இமாட்டினிப்பைக் கரைத்துவிடும். கிரேப்ஃப்ரூட் அதற்கு நேர்மாறு, மருந்தைத் தேக்கிவிடும். அதன் உறவுக்காரர்தான் ஈப்போ தம்பூன் சாலையில் தோரணம் போல் தொங்கும் பம்ளிமாஸ். வாங்கி அண்ணனைத் தவிர மற்றவர்கள் சாப்பிடுங்கள்.

அடுத்தது சோதனை. இங்கே ஒரு மொழிச் சங்கடம். ஒட்டு மரபணுவில் ஒரு பாதியின் பெயரும் (BCR) அதை எண்ணுகிற சோதனையின் பெயரும் (PCR) தமிழில் ஒரே ‘பிசிஆர்’. ஒரே எழுத்துக்கு இரண்டு ஒலி வைத்த முன்னோரை நொந்துகொள்ளலாம், அல்லது அறிக்கையைக் கவனமாகப் படிக்கலாம். ஒட்டு மரபணுவின் அளவு மூன்றாம் மாதம் 10 சதவீதத்துக்குக் கீழ், ஆறாம் மாதம் 1, பன்னிரண்டாம் மாதம் 0.1. இதுதான் எதிர்பார்க்கும் படிக்கட்டு. ரத்தம் ஊதா மூடிக் குழாயில் எடுப்பார்கள். எண்ணப்படுவது அந்த மரபணுவின் நகலான ஆர்என்ஏ, அது சீக்கிரம் சிதையும். பினாங்கில் வெள்ளிக்கிழமை மாலை எடுத்த குழாய் திங்கட்கிழமை கோலாலம்பூர் ஆய்வுக்கூடத்தில் திறக்கப்பட்டால், நோய் போனதா ஆர்என்ஏ போனதா என்று யாருக்குத் தெரியும்? அதனால் அறிக்கையில் ‘காணப்படவில்லை’ என்ற வரியைப் பார்த்ததும் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்காமல், பக்கத்தில், ஆர்என்ஏ கெடாமல் வந்ததா என்று காட்டும் ஒப்பீட்டு மரபணுவின் எண்ணிக்கையைப் பாருங்கள். 10,000க்குக் குறைவாக இருந்தால் அந்த ‘இல்லை’யை நம்பக்கூடாது, திரும்ப எடுக்கச் சொல்லுங்கள்.

ஆண்டுக்கணக்கில் சுவடு மிக ஆழத்துக்கு இறங்கிக் கிடப்பவர்களுக்கு டாக்டரே நிறுத்திப் பார்ப்பதும் உண்டு. ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் திரும்பிவிடுகிறது, பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள். அதனால் அந்த ஆறு மாதமும் மாதாமாதம் சோதனை. திரும்பினாலும் மாத்திரையை மறுபடி தொடங்கினால் அநேகமாக எல்லோருக்கும் அடங்கிவிடுகிறது. இது குரங்கு வேலை இல்லை, தச்சன் பக்கத்தில் நின்று கழற்றுவது.

விலை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். இந்த மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் 1998இல் காப்புரிமை கேட்டு மனுப்போட்ட இடம் சென்னை. அங்கே 2006இல் மறுத்தார்கள். 2013 ஏப்ரல் 1இல் டில்லி உச்ச நீதிமன்றமும் மறுத்தது. பழைய பொருளுக்குப் புது வடிவம் கொடுத்தால் மட்டும் போதாது, நோயைக் கூடுதலாகக் குணமாக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டத்தின் 3(டி) பிரிவு. இந்திய நிறுவனங்கள் மிகக் குறைந்த விலையில் அதே மருந்தைத் தயாரித்து விற்க வழி நிலைத்தது. ‘தமிழ்நாட்டிலிருந்து உலகத்துக்கு என்ன போயிற்று’ என்று மேடைதோறும் கேட்டுவிட்டுக் கல்லணையையே பதிலாகச் சொல்லும் பேச்சாளர்கள், அந்தச் சென்னைக் காப்புரிமை அலுவலகக் கோப்பையும் ஒரு தடவை சொல்லலாம்.

சித்தியவான் அன்பருக்கு: ஆமாம், இந்த இதழிலும் குரோமோசோம்தான்.