மட்டக்களப்பில் கடலோர வீடு. குழந்தையின் அறைக்கு வால்பேப்பர் ஒட்டலாமா?

உங்கள் கேள்வி இதுதான்: கல்லடியில் வீடு, அறையில் ஏசி, கடல் பக்கம் பார்த்த வெளிச்சுவர், இரண்டு வயதுப் பிள்ளை. கடையில் காட்டிய சுருளில் "நச்சற்றது, சூழலுக்கு உகந்தது" என்று அச்சடித்திருக்கிறது. நம்பி ஒட்டலாமா?

கடல் பக்கத்துச் சுவரில் வினைல், அதாவது பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் பூசிய, வால்பேப்பர் வேண்டாம். எந்த நாட்டுச் சான்றிதழ் இருந்தாலும் வேண்டாம். உள்சுவர் ஒன்றில், பி.வி.சி. கலவாத தாளை, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டலாம்.

வளைகுடா நாடொன்றில் ஹோட்டல் அறைகளுக்கு வால்பேப்பர் ஒட்டும் வேலையில் சில ஆண்டுகள் இருந்தேன். இப்போது மட்டக்களப்பு, காத்தான்குடி, களுவாஞ்சிகுடிப் பக்கங்களில் வீட்டுச் சுவர் வேலைகள் எடுத்துச் செய்கிறேன். இந்தக் கேள்வியை என்னிடம் நேரிலும் பலர் கேட்கிறார்கள். ஆனால் எல்லோரும் தாளைப் பற்றித்தான் கேட்கிறார்கள், சுவரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் தாள். கடைகளில் பளபளப்பாக, புடைத்த பூவேலையோடு, "கழுவலாம்" என்று விற்கப்படுபவை பெரும்பாலும் வினைல்தான். அடியில் காகிதமோ, இழைகளை நெய்யாமல் ஒட்டிச் செய்த நெய்யாத் துணியோ இருக்கும். அதன்மேல் பி.வி.சி. பசையைப் பூசி, அடுப்பில் சூடேற்றி இறுக்குகிறார்கள். பி.வி.சி. இயல்பில் விறைப்பானது. வீட்டுத் தண்ணீர்க் குழாயும் அதுதான். அதைச் சுருட்டும் அளவுக்கு இளக்க, நெகிழியாக்கி என்ற எண்ணெய்ப் பொருளைச் சேர்க்க வேண்டும். நீண்ட காலம் இதற்குப் பயன்பட்டவை தாலேட்டுகள். இவை பி.வி.சி.யோடு வேதியியல் முறையில் பிணைவதில்லை. ஆகவே ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல வெளியேறி வீட்டுத் தூசியில் படிகின்றன. தரையில் தவழ்ந்து, கையை வாயில் வைக்கும் பிள்ளைக்குத்தான் அந்தத் தூசி அதிகம் போய்ச் சேரும். டி.இ.எச்.பி. உட்பட நான்கு தாலேட்டுகள் இனப்பெருக்க மண்டலத்தைப் பாதிப்பவை என்று வகைப்படுத்தி, வீட்டுப் பொருள்களில் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜூலை முதல் கட்டுப்படுத்தியிருக்கிறது.

"மணந்து பார்த்தேன், வாசமே இல்லை" என்று சிலர் சொல்வார்கள். மூக்கை நம்பாதீர்கள். புதுச் சுருளில் அடிக்கும் காட்டமான மணம் பெரும்பாலும் அச்சு மையின் கரைப்பானுடையது. அறையைத் திறந்துவைத்தால் அது குறைந்துவிடும். தாலேட்டுக்கு ஏறக்குறைய மணமே கிடையாது.

புடைத்த வேலைப்பாட்டுக்கு இன்னொரு பொருள் சேர்க்கிறார்கள்: அசோடைகார்பனமைட். சூட்டில் அது சிதைந்து வாயுவைக் கக்கும். பூச்சு நுரைத்து மேலெழும்பும். நம் வீட்டுக்கு வரும்போது அது பெரும்பாலும் சிதைந்து முடிந்திருக்கும். ஆலையில் அந்தத் தூளை அள்ளிக் கொட்டுபவருக்குத்தான் ஆபத்து; மூச்சில் போனால் ஆஸ்துமா வரக்கூடும். பி.வி.சி.யின் மூலப்பொருளான வினைல் குளோரைடு வாயுவின் கதையும் இதேதான். அமெரிக்காவின் லூயிவில் நகரத்தில் ஒரு பி.வி.சி. ஆலைத் தொழிலாளர்களுக்கு மிக அரிதான ஈரல் புற்றுநோய் வந்தது 1974 இல் வெளிச்சத்துக்கு வந்தது. அதன் பிறகுதான் அங்கே ஆலைக் காற்றில் அந்த வாயுவின் அளவைப் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்கச் சட்டம் வந்தது. "பாதுகாப்பானதா" என்று கேட்கும்போது நாம் நம் பிள்ளையை மட்டும் நினைக்கிறோம். அந்தச் சுருளைச் செய்தவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதால்தான் இதையும் எழுதுகிறேன்.

இனிச் சுவர். இங்கே கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். மட்டக்களப்புக்கு இதுதான் முக்கியம்.

குளிர் நாட்டில் வீட்டுக்குள் சூடு, வெளியே குளிர். ஈரம் உள்ளிருந்து வெளியே போகப் பார்க்கும். சுவரின் உட்பக்கத்தில் ஒட்டிய வினைல் அதைத் தடுத்து நிறுத்தும், சுவருக்குக் கேடில்லை. நம்மூரில் எல்லாம் தலைகீழ். வெளியே கடலும் களப்பும் சேர்ந்து நனைத்த வெக்கைக் காற்று; உள்ளே ஏசி போட்ட குளிர்ந்த அறை. ஈரம் வெளியிலிருந்து சுவர் வழியாக உள்ளே வருகிறது. வந்த இடத்தில் வினைல் வழியை அடைக்கிறது. குளிர்ந்த வினைலின் முதுகில் நீர் கோக்கிறது. அங்கே காகிதம் இருக்கிறது, மாப்பசை இருக்கிறது, இருட்டும் இருக்கிறது. பூஞ்சணத்துக்கு வேறென்ன வேண்டும்?

வளைகுடாவில் கடற்கரையோர ஹோட்டல் ஒன்றில் இதைக் கண்ணால் பார்த்தேன். வெண்ணிற வினைலில், கட்டிலின் தலைமாட்டுக்கு மேலே, வெளிறிய ரோஸ் நிறத்தில் உள்ளங்கை அகலத் திட்டுகள். துடைத்தார்கள், போகவில்லை. மேலே பெயின்ட் அடித்தார்கள், சில வாரங்களில் திட்டு மறுபடி மேலே வந்தது. கடைசியில் கத்தியால் கீறி உரித்தபோது பின்பக்கம் முழுக்கக் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சணம். பூச்சு சுவரிலிருந்து ஈரமாவாக உதிர்ந்தது. பூஞ்சணம் விடும் சாயம் வினைலின் நெகிழியாக்கியில் கரைந்து முன்பக்கத்துக்கு ஊறி வருவதுதான் அந்த ரோஸ் நிறம். அது அழுக்கு அல்ல, எச்சரிக்கை. நம் பகுதியில் மாரி முடிந்து பார்க்கும்போது ஏசி அறைகளில் இதே திட்டுகளைக் காட்டி, "மழை ஒழுக்கா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் ஆஸ்துமாவும் சுவாச நோய்களும் கூடுகின்றன என்று உலக சுகாதார அமைப்பு 2009 இல் தனி வழிகாட்டியே வெளியிட்டிருக்கிறது.

பொருளும் ஈரமும் சேர்ந்து கெடுதல் செய்வது புதிதல்ல. 1775 இல் சுவீடன் வேதியியலாளர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே செம்பும் ஆர்சனிக்கும் கலந்த ஒரு பச்சைச் சாயத்தைக் கண்டுபிடித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய வீடுகளின் சுவர்த்தாள்களில் அந்தப் பச்சையும் அதன் உறவுச் சாயங்களும் நிறைந்திருந்தன. ஈரச் சுவரில் வளர்ந்த பூஞ்சணம் அந்தச் சாயத்தைத் தின்று ஆர்சனிக் கலந்த வாயுவாக விடுகிறது என்பதை 1890களில் இத்தாலிய அறிஞர் பார்டொலொமேயோ கோசியோ காட்டினார். அந்த வாயுவால் எத்தனை பேர் நோயுற்றார்கள் என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. தாளைத் தனியாகவும் சுவரைத் தனியாகவும் சோதித்தால் போதாது என்பது மட்டும் அன்றே தெரிந்துவிட்டது.

ஆகவே சுருள் வாங்குமுன் சுவரைச் சோதியுங்கள். தெளிவான பொலித்தீன் தாளில் ஓரடிச் சதுரம் வெட்டி, சுவரில் வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். பொலித்தீனின் உட்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்தால் அறைக் காற்றில் ஈரம் அதிகம். தரைக்கு அருகில் ஒன்றும் யன்னலுக்குக் கீழே ஒன்றுமாக ஒட்டிப் பாருங்கள். அடிச்சுவரில் உப்புப் பூத்திருந்தால் சோதனையே தேவையில்லை, அங்கே எதையும் ஒட்டக் கூடாது. புதுச் சீமெந்துப் பூச்சென்றால் மாதக்கணக்கில் காயவிடுங்கள். மேசன் அவசரப்படுத்தினாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

லேபிளுக்கு வருவோம். "நச்சற்றது" என்ற சொல் எந்த அளவையும் சொல்லவில்லை. தர எண்ணைத் தேடுங்கள். ஐரோப்பியச் சுருளில் இ.என். 15102 என்று இருக்கும். அதன்படி கிலோவுக்கு ஈயம் 90 மில்லிகிராமுக்கும், போமல்டிஹைட் என்ற எரிச்சலூட்டும் வாயு 120 மில்லிகிராமுக்கும் மேல் போகக் கூடாது. நம் கடைகளுக்கு அதிகம் வருவது சீனச் சுருள்கள். சீனாவிலும் ஜி.பி. 18585 என்ற கட்டாயத் தரம் 2001 முதல் இருக்கிறது. அதன் 2001 வடிவத்தில் ஈயத்துக்கும் போமல்டிஹைட்டுக்கும் அதே வரம்புகள்தான் இருந்தன. சீனப் பொருள் என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை, எண் இல்லாததை ஒதுக்குங்கள். எஃப்.எஸ்.சி. முத்திரை காட்டைப் பற்றியது. அடிக்காகிதத்தின் மரம் பொறுப்பாக வெட்டப்பட்டது என்று அது சொல்லும், மேலே பூசியதைப் பற்றிப் பேசாது. அலை அலையாகப் போட்டிருக்கும் குறி எவ்வளவு துடைக்கலாம், கழுவலாம் என்பதற்கு மட்டுமே. அலை கூடினால் பிளாஸ்டிக்கும் கூடும் என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

"சூழலுக்கு உகந்தது" என்பதைப் பற்றி நம் மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வாழைச்சேனைக் காகித ஆலை 1950களில் வைக்கோலை மூலப்பொருளாகக் கொண்டு தொடங்கப்பட்டது. வயலில் மிஞ்சியதிலிருந்து காகிதம். அதைவிட நல்ல யோசனை உண்டா? ஆனால் வைக்கோலைக் காரத்தில் அவிக்கும்போது கறுப்புக் கழிவுநீர் வருகிறது. வைக்கோலில் சிலிக்கா அதிகம் என்பதால் அந்தக் காரத்தை மீட்டெடுப்பது மரக்கூழ் ஆலையில் மீட்பதைவிடக் கடினம். அந்தக் கழிவு களப்புக்குத்தான் போனது. சணல், புல் கொண்டு செய்த வால்பேப்பர்கள் இப்போது "இயற்கை" என்று விற்கப்படுகின்றன. எதிலிருந்து செய்தார்கள் என்பதோடு எப்படி வெளுத்தார்கள், எந்தச் சாயம், கழிவுநீர் எங்கே போனது என்றும் கேட்க வேண்டும்.

அதைவிடவும் என்னை வருத்துவது உரித்த பிறகு நடப்பது. பி.வி.சி. ஒட்டிய காகிதத்தைக் காகிதமாகவும் மீட்க முடியாது, பிளாஸ்டிக்காகவும் மீட்பது கடினம். இங்கே பெரும்பாலும் வளவு மூலையில் சருகோடு போட்டுக் கொளுத்துகிறார்கள். பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமில வாயுவும் டயொக்சின் என்ற நச்சும் வரும். பக்கத்திலேயே கோழி மேயும், அந்த மண்ணில் கீரைப் பாத்தியும் இருக்கும். என் வேலையில் மிஞ்சும் துண்டுகளை வீட்டுக்காரர் கொளுத்த விடுவதில்லை. சாக்கில் கட்டி நகரசபைக் கழிவு வண்டிக்குக் கொடுக்கிறேன். நல்ல தீர்வு அல்ல, எரிப்பதைவிட மேல்.

செங்கல் போல் தோன்றும் பஞ்சு ஸ்டிக்கர் பலகைகள் இப்போது எங்கும் கிடைக்கின்றன. பெரும்பாலும் பொலித்தீன் நுரை. தீப்பிடித்தால் உருகிச் சொட்டும். சாமியறை விளக்குக்கும் குசினிக்கும் அருகில் கூடவே கூடாது.

உங்கள் அறையை என்னிடம் தந்தால் இப்படிச் செய்வேன்: கடல் பக்கத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு. அதன் காரத்தில் பூஞ்சணம் எளிதில் வேர்விடாது, ஈரமும் வந்த வழியே போகும். ஆனால் பவளப்பாறைச் சுண்ணாம்பு வாங்காதீர்கள். கரையோர வலயத்தில் பவளம் அகழ்வதை 1988 இல் திருத்திய கரையோரப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது, அந்தப் பாறைகள்தான் நம் கரையைத் தாங்குகின்றன. சுண்ணாம்பு பிடிக்காவிட்டால் நீரில் கரையும் வகைப் பெயின்ட். கட்டிலுக்கு எதிரே உள்ள உள்சுவருக்கு மட்டும், வினைல் பூசாத நெய்யாத் தாள், நீர் மை அச்சு, மெத்தில் செல்லுலோஸ் பசை. நெய்யாத் தாளிலும் பொலியெஸ்டர் இழை உண்டு, முழுக்கக் காகிதம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் ஈரத்தை விடும், பின்னாளில் நனைக்காமலே உரிக்கலாம். வேலையைக் கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் வையுங்கள். முடிந்ததும் சில நாள் யன்னல்களைத் திறந்துவிட்டுப் பிள்ளையை வேறு அறையில் படுக்க வையுங்கள்.

வினைலா இல்லையா என்று கடையிலேயே பார்க்க, மாதிரித் துண்டின் மூலையைக் கிழியுங்கள். மேற்படலம் இழுபட்டுத் தனியே உரிந்தால் வினைல். முகப்பில் ஒரு துளி நீர் விட்டுப் பாருங்கள், உறிஞ்சினால் பூச்சில்லாத தாள். கடைக்காரர் காட்டிய சுருளின் லேபிளைப் படமெடுத்துக் கீழே போடுங்கள், தர எண்ணைப் பார்த்துச் சொல்கிறேன். பொலித்தீன் சோதனையில் எந்தப் பக்கம் வியர்த்தது என்பதையும் எழுதுங்கள்.