மொய் விருந்துப் பணத்தில் மாடி எடுக்கலாமா?

கேள்வி: ஆலங்குடி பக்கம் கிராமம். 2018 கஜா புயலில் தென்னந்தோப்பு சாய்ந்ததிலிருந்து கையிருப்பே இல்லை. போன வருடம் என் கணவர் ஒர்க் பர்மிட்டில் சிங்கப்பூர் போனார். ஏஜெண்டுக்குக் கட்ட 3 வட்டிக்கு 2 லட்சம் வாங்கினோம். வங்கியில் நகைக்கடன் 1.5 லட்சம். மாதம் 35,000 ரூபாய் அனுப்புகிறார். இந்த ஆவணியில் மொய் விருந்து வைத்ததில் செலவு போக 5.3 லட்சம் நிற்கிறது. அதில் மாடி எடுத்துவிடலாம் என்கிறார். எடுக்கலாமா?
– பெயர் வெளியிட வேண்டாம்

பதில்: இப்போதைக்கு வேண்டாம்.

முதலில் மொய் நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேராக, நீங்கள் முன்பு செய்தது திரும்பி வந்தது எவ்வளவு, புதிதாக வந்தது எவ்வளவு என்று குறியுங்கள். புதிதாக வந்தது முழுக்கக் கடன்தான். வட்டி கிடையாது, ஆனால் அவர்கள் விருந்தில் திருப்பிச் செய்யாவிட்டால் என்ன பேச்சு வரும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். புது மொய் 4 லட்சம் என்று வையுங்கள். ஐந்து வருடத்துக்குள் எல்லோர் முறையும் வந்துவிடும் என்றால் வருடத்துக்கு 80,000 ரூபாய், அதுவும் ஆடி, ஆவணியிலேயே. சிமெண்டும் கம்பியுமாகப் போன பணம் அப்போது கைக்கு வராது. மறுபடி 3 வட்டிக்காரர் வீட்டு வாசல்தான்.

3 வட்டி என்றால் வருடத்துக்கு 36 சதவீதம். உங்கள் 2 லட்சத்துக்கு மாதம் 6,000 ரூபாய் போகிறது. இதை இந்த வாரமே அடையுங்கள். பணத்தை எண்ணிக் கொடுக்கும்போதே கையெழுத்துப் போட்ட புரோநோட்டைத் திரும்ப வாங்கிவிடுங்கள். 'நாளைக்குத் தேடித் தருகிறேன்' என்றால் பணத்தையும் நாளைக்கே கொடுங்கள். அடுத்து நகை. வங்கி வட்டி குறைவுதான், இருந்தாலும் மீட்டு வையுங்கள். அவசரத்துக்கு மறுபடி வைக்க அது ஒன்றுதான் உங்களிடம் இருக்கிறது.

மீதி 1.8 லட்சத்தை ஃபிக்சட் டெபாசிட்டில் போடுங்கள். ஒர்க் பர்மிட் முதலாளியோடு கட்டிப்போட்டது. கம்பெனி ரத்து செய்தால் உங்கள் கணவர் விமானம் ஏற வேண்டியதுதான். அந்த ஐந்தாறு மாதச் சாப்பாட்டுக்கு இது.

இனி வட்டி கட்டாத 6,000 ரூபாயோடு ஆயிரம் சேர்த்து மாதம் 7,000 ரூபாய் ஆர்.டி. கட்டினால் வருடத்துக்கு 84,000. ஆனி மாதக் கடைசியில் முதிர்வது போலத் தொடங்குங்கள். அந்த வருட மொய் அதிலேயே முடிந்துவிடும்.

இன்னொன்று. அவர் இன்னமும் பழைய சேமிப்புக் கணக்குக்கே அனுப்புகிறார் என்றால் அது சரியில்லை. வேலைக்காக வெளிநாடு போனவர் அதை என்.ஆர்.ஓ. கணக்காக, அதாவது வெளிநாட்டில் இருப்பவர் இங்குள்ள வரவுக்கு வைக்கும் கணக்காக, மாற்றியாக வேண்டும். கூடவே, அங்கே சம்பாதிப்பதை அனுப்பிச் சேமிக்க என்.ஆர்.இ. கணக்கு ஒன்றும் தொடங்கச் சொல்லுங்கள். அதில் வரும் வட்டிக்கு இங்கே வரி இல்லை. வீட்டுச் செலவுக்கு உங்கள் கணக்குக்கு நேரே அனுப்புவதில் சிக்கல் இல்லை. மனைவிக்குக் கணவர் தரும் பணத்துக்கு வரி கிடையாது.

பர்மிட் ஒருமுறை புதுப்பித்து, ஒரு ஆவணி மொய்யையும் செய்து முடித்த பிறகு எழுதுங்கள். மாடிக் கணக்கை அப்போது போடலாம்.