நடுக்கடலில் பிடித்து, நடுக்கடலிலேயே விடுவதா?

(போதைப்பொருள் வழக்குகளில் அரசுத் தரப்பில் நெடுங்காலம் வாதாடி ஓய்வு பெற்ற வழக்கறிஞர் ஒருவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.)

கேள்வி: அரபிக் கடலில் ஹெராயின் படகுகளைப் பிடிக்கும் வெளிநாட்டுப் போர்க்கப்பல்கள், சரக்கை அழித்துவிட்டு ஆட்களைப் போகவிடுகின்றன என்று படித்தேன். உண்மையா ஐயா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: உண்மைதான். பஹ்ரைனில் தலைமையகம் கொண்ட கூட்டுக் கடற்படை அமைப்பில் நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. ஈரான், பாகிஸ்தானின் மக்ரான் கரையிலிருந்து ஹெராயினும் மெத்தாம்பெட்டமைனும் ஏற்றி வரும் மரக்கலங்களை அந்நாடுகளின் கப்பல்கள் மறிக்கின்றன. பெரும்பாலும் சரக்கு அழிக்கப்படுகிறது; மாலுமிகள் அதே படகில் வந்த வழியே திரும்புகிறார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆழ்கடலில், கப்பல் எந்த நாட்டுக் கொடியைப் பறக்கவிடுகிறதோ அந்த நாட்டின் சட்டமே அதில் செல்லும். 1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையில் 110-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். கடற்கொள்ளை, அடிமை வணிகம், நாட்டுரிமை இல்லாத கப்பல் என்று சந்தேகம் இருந்தால் அந்நியக் கப்பலில் ஏறிச் சோதிக்கலாம். அனுமதியில்லாத வானொலி ஒலிபரப்புக்குக்கூட அதில் இடம் உண்டு. போதைப்பொருளுக்கு இல்லை! 108-ஆம் பிரிவு ‘நாடுகள் ஒத்துழைக்க வேண்டும்’ என்று சொல்வதோடு நின்றுவிடுகிறது. போதைப்பொருள் கடத்தலுக்கு எதிரான 1988-இன் வியன்னா உடன்படிக்கைதான் ஒரு வழியைத் திறந்தது: கொடிக்குரிய நாட்டிடம் அனுமதி பெற்று ஏறலாம்.

கொடியே இல்லாத படகென்றால் அனுமதி தேவையில்லையே என்று கேட்பீர்கள். ஏறிச் சோதிக்கத் தடையில்லை. ஆனால் பிடித்த ஆட்களை எந்த நீதிமன்றத்தில் நிறுத்துவது? பிடித்த போர்க்கப்பலை அனுப்பிய நாட்டின் சட்டம் அதற்கு இடம் தர வேண்டும். கைதிகளைப் பல ஆயிரம் கிலோமீட்டர் கொண்டுபோக வேண்டும், மொழிபெயர்ப்பாளர் வேண்டும், கடற்படை வீரர்கள் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும். பல அரசுகள் இந்தச் சுமையைத் தலையில் ஏற்றிக்கொள்ள விரும்புவதில்லை. இலங்கைக் கடற்படை ஆழ்கடலில் பிடித்த கொடியற்ற படகுகளை ஆட்களோடு கரைக்குக் கொண்டுவந்து வழக்குத் தொடுத்திருக்கிறது. அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

ஒத்துழைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 2024 நவம்பரில் நடந்ததைச் சொல்வேன். இலங்கைக் கொடியுடன் செல்லும் மீன்பிடிப் படகுகளில் போதைப்பொருள் போகிறது என்று இலங்கைக் கடற்படை தகவல் தந்தது. இந்தியக் கடற்படை விமானத்தையும் கப்பலையும் அனுப்பி, அரபிக் கடலில் இரண்டு படகுகளை மறித்தது. சுமார் 500 கிலோ மெத்தாம்பெட்டமைன் சிக்கியது. படகுகள், ஆட்கள், சரக்கு மூன்றும் இலங்கையிடமே ஒப்படைக்கப்பட்டன. கொடிக்குரிய நாடே தகவல் தந்தது. சட்டத்தின் முன் நிறுத்தும் பொறுப்பும் அதனிடமே போனது.

கேள்வி: இன்டர்போல் ரெட் நோட்டீஸ் போட்ட பிறகும் கும்பல் தலைவர்கள் வெளிநாட்டில் சொகுசாக வாழ்கிறார்களே?
– வாசகி, மதுரை

பதில்: ரெட் நோட்டீஸ் கைது வாரண்ட் ஆகாது, அம்மா. ‘இவரைத் தேடுகிறோம், கண்டால் பிடித்து வையுங்கள்’ என்று உறுப்பு நாடுகளுக்கு விடுக்கும் வேண்டுகோள் அது. பிடிப்பதா இல்லையா என்பதை அந்தந்த நாட்டின் சட்டம் முடிவு செய்யும். பிடித்தாலும், நாடு கடத்துவதற்குத் தனி வழக்கு நடக்க வேண்டும்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை சாட்சியம்தான். வெளிநாட்டு வங்கிக் கணக்கு விவரம் வேண்டுமென்றால் நம் நீதிமன்றம் வேண்டுகோள் கடிதம் அனுப்ப வேண்டும். உள்துறை அமைச்சகத்தின் வழியாக அது போய், மொழிபெயர்ப்பாகி, அங்குள்ள அதிகாரியின் மேசையைச் சேர வேண்டும். நான் நடத்திய ஒரு வழக்கில் இறுதி வாதம் முடிந்த பிறகே பதில் வந்தது. பணம் கொடுத்தவனைத் தொட முடியவில்லை. பெட்டியைச் சுமந்து வந்த குருவி மட்டும் சிறைக்குப் போனான். ஹெராயின் ஒரே இரவில் எல்லை தாண்டுகிறது. இரண்டு அரசுகளுக்கு இடையே ஒரு வங்கிக் கணக்கு விவரம் போய்ச் சேர ஏன் ஆண்டுக்கணக்கில் ஆக வேண்டும்?

கேள்வி: கடலில் பொட்டலம் மிதந்தால் எடுத்துவந்து காவல்துறையிடம் கொடுக்கலாமா?
– மீனவர், இராமேசுவரம்

பதில்: எடுக்காதீர்கள் தம்பி. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 54-ஆம் பிரிவின்படி, பொருள் யார் வசம் இருந்ததோ அவர்தான் கணக்குச் சொல்ல வேண்டும். உங்கள் நல்ல மனத்தை நீதிமன்றத்தில் நிரூபிக்கும் பாடு உங்களுடையதாகிவிடும். இடத்தை ஜி.பி.எஸ். கருவியில் குறித்துக்கொண்டு, கடலோரக் காவல்படையை 1554-லோ கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தை 1093-லோ அழையுங்கள். பொட்டலத்தைப் பிரிக்கவும் வேண்டாம். உறையின் முத்திரையும் கட்டிய விதமும் வேறொரு நாட்டில் பிடிபட்ட சரக்கோடு ஒத்துப்போகலாம். விசாரிப்பவர்களுக்கு அதுவே துப்பு.