கப்சாய் சக்கரத்தில் பழைய பந்தயக் கார்: கேட்டவர்களுக்குப் பதில்

சைக்கிள் கார்ட் என்பது 1920, 30-களின் பந்தயக் கார் முகத்தோடு, ஒருவர் மட்டும் உட்காரும்படி வீட்டிலேயே கட்டும் சின்ன வண்டி. 1990-களில் கலிஃபோர்னியாவில் தொடங்கிய பழக்கம். மலேசியாவில் நம் சுங்கை சிப்புட் தோட்டப்புறத்துப் பிள்ளைகள் இப்போது இதில் இறங்கியிருப்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். கேட்ட கேள்விகளுக்கு இதோ பதில்.

அண்ணே, என்ன அளவில் கட்டலாம்?

முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 66 அங்குலம், இடது வலது சக்கரங்களுக்கு நடுவே 38 அங்குலம். ஆள் ஏறாமல் எடை 113 கிலோவைத் தாண்ட வேண்டாம். சக்கரம் 17 அங்குலம். நம் ஊரில் பழைய இரும்புக் கடைக்குப் போனால் கப்சாய் எனும் சின்ன மோட்டார் சைக்கிளின் ரிம் கிடைக்காமல் இருக்காது. கம்பி ரிம்மாகப் பார்த்து எடுங்கள். வார்ப்பில் செய்த ஸ்போர்ட் ரிம் போட்டால் பழைய கார் தோற்றமே போய்விடும்.

முன் சக்கர அச்சு வளைந்துவிட்டது. இரும்பு மட்டமா?

இரும்பின் மேல் குற்றமில்லை, தம்பி. மோட்டார் சைக்கிளில் அந்த அச்சை ஃபோர்க் இரண்டு பக்கமும் பிடிக்கிறது. உங்கள் வண்டியில் ஒரே பக்கம்தான் பிடிப்பு, மறுமுனை அந்தரத்தில். வளைவில் திரும்பும்போது பாரம் முழுக்க அந்த 12 மில்லிமீட்டர் தண்டில் இறங்குகிறது.

சக்கரத்தின் நடுவே இருக்கும் ஹப்பைக் கடையாமலே சரிசெய்ய வழி உண்டு. உள்ளே இருக்கும் பேரிங்கின் எண்ணைப் பாருங்கள். 6201 என்றால் வெளி விட்டம் 32 மில்லிமீட்டர். அதே வெளி விட்டத்தில் 6002 பேரிங் இருக்கிறது, அதன் துளை 15 மில்லிமீட்டர். 6301 என்றால் வெளி விட்டம் 37. அதற்கு 6904 சரியாக உட்காரும், துளை 20. தண்டு வளையாமல் தாங்கும் பலம் அதன் விட்டத்தின் மும்மடிக்கு (விட்டம் × விட்டம் × விட்டம்) ஏற்பக் கூடும். அதனால் 15-க்கு மாறினால் பலம் ஏறக்குறைய இரண்டு மடங்கு, 20-க்கு மாறினால் நாலரை மடங்குக்கு மேல். புதிய பேரிங் கொஞ்சம் மெல்லியது: முதலாவதில் 1 மில்லிமீட்டர், இரண்டாவதில் 3. அந்த இடைவெளிக்கு வளையம் போடுங்கள். இரண்டு பேரிங்குக்கும் நடுவில் இருக்கும் குழாயையும் புதிய தண்டுக்கு ஏற்ப லேத்தில் கடைந்து வாங்குங்கள். அதை விட்டுவிட்டு நட்டை இறுக்கினால் பேரிங் சீக்கிரமே போய்விடும்.

எஞ்சினுக்குச் செலவழிக்கும் கவனத்தில் பாதியை இந்த அச்சுக்குக் கொடுங்கள் என்று எல்லாரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன்.

தண்ணீர் பம்ப்பில் இருந்த 196 சிசி எஞ்சின் போட்டேன். கிளட்ச் புகைகிறது.

எஞ்சின் போதும். கணக்குத்தான் உதைக்கிறது. முன் செயின் சக்கரத்தில் 10 பல், பின்னால் கப்சாயின் 36 பல் என்று எழுதியிருந்தீர்கள். அது 3.6 விகிதம். டயர் ஒரு சுற்றுக்கு சுமார் 1.75 மீட்டர் உருளும். எஞ்சின் நிமிடத்துக்கு 3600 சுற்று ஓடினால் காகிதத்தில் மணிக்கு 105 கிலோமீட்டர் வேகம் வரும்! உங்கள் கிளட்ச் 2000 சுற்றில் பிடிக்கும் என்று வைத்தால்கூட, வண்டி 58-ஐத் தொடும்வரை அது வழுக்கிக்கொண்டே இருக்கும். புகையாமல் என்ன செய்யும்?

நடுவில் ஒரு தண்டு வைத்து 12 பல், 24 பல் சேருங்கள்: எஞ்சினின் 10 பல் அந்த 24-ஐ ஓட்டட்டும், 12 பல் பின்னால் உள்ள 36-ஐ ஓட்டட்டும். மொத்தம் 7.2 ஆகிவிடும். உச்ச வேகம் 52, கிளட்ச் 29-லேயே பிடித்துவிடும். செம்மண் பாதைக்கு அதுவே தாராளம். வேகம் வேண்டும் என்று, எஞ்சின் சுற்றைக் கட்டுப்படுத்தும் கவர்னரை மட்டும் கழற்றாதீர்கள். அந்தச் சுற்றுக்காகச் செய்த எஞ்சின் அது, மீறினால் உள்ளே இருப்பது உடைந்து வெளியே பறக்கும்.

பின்னால் இரண்டு சக்கரத்தையும் ஒரே தண்டில் பூட்டலாமா?

தோட்டப் பாதையில் பூட்டலாம். மண் இளகியது, ஒரு சக்கரம் கொஞ்சம் சறுக்கிக் கொடுக்கும். 25 மில்லிமீட்டர் தண்டு, அதைத் தாங்க யுசிபி 205 எனும் கூடு வைத்த பேரிங் இரண்டு, தண்டின் மேல் ஒரே ஒரு டிஸ்க் பிரேக். இரண்டு சக்கரமும் சேர்ந்தே நிற்கும். ஒரு சக்கரத்தைச் சும்மா சுழலவிட்டால் திரும்புவது சுலபம், ஆனால் பிரேக் ஒரு சக்கரத்தை மட்டுமே பிடிக்கும். மழை பெய்த செம்மண்ணில் அது எனக்குப் பிடிக்கவில்லை.

புகாட்டி மாதிரி செய்ய ஆசை.

1924-இல் வந்த டைப் 35-தானே? குதிரை லாட வடிவ முகப்பு, கூர்ந்த வால், பார்க்கவே அழகு. ஆனால் அதன் பெயர்பெற்ற சக்கரம் எட்டு ஆரம் கொண்ட அலுமினிய வார்ப்பு, கம்பி ரிம் அதோடு ஒட்டாது. ஆஸ்டின் செவன் பந்தய வண்டியைப் பாருங்கள். கம்பிச் சக்கரம், எளிய உடல், முதல் முயற்சிக்கு அதுதான் என் தேர்வு. பிளைவுட் எலும்பு, மேலே மெல்லிய அலுமினியத் தகடு.

டவுன் வரை ஓட்டிப் போகலாமா?

கூடவே கூடாது. 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, பதிவு இல்லாத மோட்டார் வண்டி பொதுச் சாலையில் ஏறக் கூடாது. தோட்டத்துக்குள் ஓட்டவும் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், ஆபீசில் எழுதிக் கேளுங்கள். செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓடாத நாளாகப் பார்த்து ஓட்டுங்கள்.

என் மகன் ஓட்டப் போகிறான். நான் எதைப் பார்க்க வேண்டும்?

அக்கா, மூன்றைப் பாருங்கள். ஹெல்மெட் போட்டிருக்கிறானா? உட்கார்ந்தபடியே கை எட்டும் இடத்தில் எஞ்சினை அணைக்கும் சுவிட்ச் இருக்கிறதா? செயினுக்கு மூடி இருக்கிறதா? மூடி இல்லை என்றால் சாவியைக் கொடுக்காதீர்கள்.