டிக்கெட் விலையைக் குறைத்தால் நாடகத்துக்குக் கூட்டம் வருமா?

கேள்வி: திருப்பூரில் பத்து ஆண்டுகளாக நாடகக் குழு நடத்துகிறோம். எல்லோரும் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். ஆண்டுக்கு இரண்டு முறை கல்யாண மண்டபம் எடுத்து, 200 ரூபாய் டிக்கெட்டில் நாடகம் போடுவோம். முன்பு 250 பேராவது வருவார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட பிறகு பல பனியன் கம்பெனிகளில் ஆர்டர் குறைந்து, ஷிப்டும் குறைந்துவிட்டது. கடைசி நாடகத்துக்கு 70 பேர்தான் வந்தார்கள். டிக்கெட்டை 50 ரூபாய் ஆக்கலாமா? இலவசமாகவே விட்டுவிடலாமா? அல்லது நிலைமை சரியாகும் வரை நிறுத்தி வைக்கலாமா?

பதில்: நிறுத்தி வைக்க வேண்டாம். ஓராண்டு விட்டுப்போன குழு மறுபடி ஒத்திகைக்குக் கூடுவது பெரும்பாடு. ஒருவர் ஊர் மாறியிருப்பார், ஒருவருக்குக் குழந்தை பிறந்திருக்கும், பார்க்க வந்தவர்களும் மறந்திருப்பார்கள். டிக்கெட்டைக் குறைப்பதாலும் பெரிய மாற்றம் வராது என்றே நினைக்கிறேன். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். அனுப்பர்பாளையத்திலிருந்து டவுனுக்குள் வர வேண்டும். டிக்கெட் 800 ரூபாய். ஆட்டோ போக வர 300. நாடகம் முடியும்போது மணி ஒன்பதரை. அதற்குப் பிறகு வீட்டுக்குப் போய் அடுப்புப் பற்றவைக்க யாருக்கும் தெம்பு இருக்காது. ஆளுக்கு இரண்டு தோசை, பிள்ளைகளுக்குப் பரோட்டா என்றால் 400. ஆக மொத்தம் 1,500. தையல் மிஷினில் உட்காருபவருக்கு இரண்டு நாள் கூலி. டிக்கெட்டை 50 ஆக்கினால் இது 900 ஆகும், இலவசம் என்றாலும் 700. கை இறுகியிருக்கும் குடும்பத்துக்கு, எப்படி இருக்கும் என்றே தெரியாத ஒரு நாடகத்துக்காக 700 ரூபாய் என்பதும் பெரிய தொகைதான்.

இதே நாடகம் அவர்கள் குடியிருக்கும் லைன் வீட்டுக்குப் பக்கத்தில், வார்டு சமுதாயக் கூடத்திலோ பள்ளி மைதானத்திலோ கோயில் முன்திடலிலோ நடந்தால் ஆட்டோவும் இல்லை, ஓட்டலும் இல்லை. மாலை ஐந்தரைக்குத் தொடங்கி ஏழு மணிக்குள் முடித்துவிட்டால் வீட்டில் சமையலும் கெடாது. எனவே முதல் வேலை, மண்டபத்தை விட்டு வெளியே வருவது. அதற்கேற்ப நாடகத்தையும் சுருக்குங்கள்: 75 நிமிடம், பத்துப் பேருக்குள் நடிகர்கள், ஒரு மினி வேனில் ஏறக்கூடிய சாமான்கள். மண்டப வாடகை மிச்சமாவதால் செலவிலும் பெரும்பகுதி குறைந்துவிடும்.

கிழமையும் முக்கியம். சனிக்கிழமை சம்பளம் கைக்கு வரும் ஊர் உங்களுடையது. ஞாயிறு காலை கறி எடுப்பது, துணி துவைப்பது, மதியம் ஒரு தூக்கம் எல்லாம் போக, மாலையில்தான் ஆள் ஓய்வாக இருப்பார். தீபாவளி போனஸ் வாங்கியதும் வெளியூர்க்காரர்கள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள், திரும்ப நாளாகும். ஜூனில் எல்லோருக்கும் பள்ளிக் கட்டணக் கவலை. இந்த இரண்டு சமயத்தையும் விட்டுவிடுங்கள்.

இனி பணம். நம் பக்கத்தில் ஆளாளுக்கு டிக்கெட் வாங்கி நாடகம் பார்த்தது பல வழிகளில் ஒன்றுதான். தெருக்கூத்துக்கு ஊரே வரி போட்டுச் செலவை ஏற்றுக்கொள்ளும். மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களில் இன்றும் நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் திருவிழாக் கமிட்டி ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி), பபூன் (கோமாளி) என்று தனித்தனியாகப் பேசி ஆட்களை அழைக்கிறது. பார்க்க வருபவர் ஒரு பைசா தர வேண்டியதில்லை. சென்னை சபாக்களில் உறுப்பினர்கள் ஆண்டுச் சந்தா கட்டுகிறார்கள், சபா குழுவுக்குத் தொகை கொடுத்து நாடகத்தை வாங்குகிறது. இந்த மூன்றிலும் குழுவுக்குப் பணம் தருவது ஓர் அமைப்பு. அன்று மழை பெய்தாலும், நூறு பேர் குறைந்தாலும் நடிப்பவருக்கு நஷ்டமில்லை. நெருக்கடிக் காலத்தில் இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. திருப்பூரில் வேலை செய்பவர்களில் ஏராளமானோர் தென்மாவட்டத்துக்காரர்கள் என்பதால், கமிட்டி நாடகம் என்றால் என்னவென்று அவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

வேன், மைக் செட், லைட், மேக்கப், டீ டிபன் என்று உங்கள் செலவை ஒரு தாளில் எழுதுங்கள். 12,000 வருகிறது என்றால் 18,000 கேளுங்கள். கோயில் கமிட்டி, அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கம், ரோட்டரி, அரிமா சங்கங்கள், தொழிற்சங்கம், பள்ளி ஆண்டு விழா, திருப்பூர் புத்தகத் திருவிழா போன்ற இடங்களில் பேசலாம். ஏற்றுமதிக் கம்பெனிகளிடம் இப்போது போக வேண்டாம். ஆட்குறைப்பு பற்றி யோசிப்பவரிடம் நாடகத்துக்குப் பணம் கேட்பது இருவருக்கும் சங்கடம். உள்ளூர் வாடிக்கையாளரை நம்பியிருக்கும் ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, மருந்துக்கடைக்காரர்களிடம் கேளுங்கள். அவர்களுக்கும் வியாபாரம் மந்தம்தான், ஆனால் அந்தத் தெருவில் 300 பேர் கூடும் இடத்தில் தங்கள் பெயர் ஒலிபெருக்கியில் வருவதன் மதிப்பு அவர்களுக்குத் தெரியும்.

அமைப்பு எதுவும் கிடைக்காத இடத்தில் டிக்கெட் வைத்தே ஆக வேண்டும் என்றால் பழைய நாடகக் கொட்டகை முறையைப் பாருங்கள். தரை, பெஞ்சு, நாற்காலி என்று அங்கே தனித்தனி விலை உண்டு. முன்னால் ஜமக்காளம் விரித்து 20 ரூபாய், பின்னால் நாற்காலிக்கு 150 என்று வையுங்கள். வசதி உள்ளவர் நாற்காலியில் உட்காருவார், பிள்ளைகள் ஓடிவந்து முன்னால் உட்காரும், நடிகருக்கும் சிரிப்புச் சத்தம் பக்கத்தில் கேட்கும். முழுக்க இலவசம் என்றால் உண்டியல் ஒன்றும் ஜிபே கியூஆர் அட்டை ஒன்றும் வேண்டும். அவற்றை நுழையும் வாசலில் வைக்காதீர்கள், வெளியே போகும் வழியில் வையுங்கள். நாடகத்தில் எல்லோரையும் அதிகம் கவர்ந்த நடிகர் ஒப்பனையைக் கலைக்காமல் அங்கே நிற்கட்டும். கைகுலுக்க வருபவர் சும்மா போவது அரிது.

நாற்காலி போடுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. 300 நாற்காலியில் 70 பேர் உட்கார்ந்தால் வந்தவர்களுக்கே மனம் சோர்ந்துவிடும், மேடையில் இருப்பவருக்குச் சொல்லவே வேண்டாம். 80 நாற்காலி மட்டும் நெருக்கமாகப் போட்டு, மிச்சத்தைச் சுவரோரம் அடுக்கி வையுங்கள். ஆள் வர வர எடுத்துப் போடுங்கள். நாற்காலி போதவில்லை என்று நான்கு பேர் நின்று பார்த்த நாடகம், மறுநாள் டீக்கடையில் பேசப்படும்.

கூட்டத்தை வரவழைப்பதில் உங்கள் கொங்கு மண்ணிலேயே பெரிய பாடம் இருக்கிறது. வள்ளி, முருகன் கதையைப் பாடிக்கொண்டே கூட்டமாக ஆடும் வள்ளி கும்மிக்குச் சமீப ஆண்டுகளில் மைதானம் நிறைவதைப் பார்த்திருப்பீர்கள். பாட்டும் அடவும் அழகு என்பது ஒரு காரணம். ஆடுபவர்களே நூற்றுக்கணக்கில் இருப்பதும், ஒவ்வொருவரையும் பார்க்க ஒரு குடும்பம் வருவதும் இன்னொரு காரணம். இதை நாடகத்துக்குள் கொண்டுவாருங்கள். எந்தத் தெருவில் போடப் போகிறீர்களோ அந்தத் தெருவிலிருந்தே பெண்களும் பிள்ளைகளுமாக இருபது பேரைச் சேர்த்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பாட்டுச் சொல்லிக்கொடுங்கள். நாடகத்தில் ஊர்ச்சனமாக அவர்கள் வந்து நிற்கட்டும். பாட்டி, சித்தப்பா, பக்கத்து வீட்டு அக்கா என்று நூறு பேர் தாமாகவே வந்துவிடுவார்கள். ஒத்திகை நேரம் கூடும், சுருதி கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். அதை ஏற்றுக்கொள்ளலாம், தங்கள் தெரு ஆட்களை மேடையில் பார்க்கும் சந்தோஷம் அதைவிடப் பெரியது.

விளம்பரத்துக்கு பிளக்ஸ் வேண்டாம். பணத்துக்கும் கேடு, நின்று படிப்பவரும் இல்லை. சிரிப்பு வரும் காட்சியில் அரை நிமிடத்தைச் செல்போனில் எடுத்து, அந்தத் தெரு வாட்ஸ்அப் குழுவில் அங்கேயே குடியிருக்கும் ஒருவர் மூலம் போடுங்கள். கடைசி நாடகத்துக்கு வந்த 70 பேரின் எண்கள் உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் நடிகர்கள் பிரித்துக்கொண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசட்டும். இனி ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் நோட்டு வைத்துப் பெயரும் எண்ணும் வாங்குங்கள்.

எதைப் போடுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கஷ்ட காலத்தில் மக்கள் சிரிக்க மட்டும்தான் விரும்புவார்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1930களின் பெருமந்தத்தில் வேலையிழந்த கலைஞர்களுக்காக அமெரிக்க அரசு 1935 முதல் 1939 வரை ஒரு நாடகத் திட்டம் நடத்தியது. ஹாலி பிளனகன் என்ற பெண்மணி தலைமை. இலவசமாகவும் குறைந்த கட்டணத்திலும் பூங்காக்களிலும் பள்ளிகளிலும்கூட நாடகங்கள் நடந்தன. அவற்றில் பேசப்பட்டவை, அன்றாடச் செய்திகளையே நாடகமாக்கியவை: விவசாயி படும் பாடு, மின்சாரத்தின் விலை, இடிந்து விழும் வாடகை வீடுகள். வீட்டு நெருக்கடி பற்றிய நாடகம் நியூயார்க்கில் மாதக்கணக்கில் ஓடியது. பார்க்க வந்தவர்களின் வாழ்க்கையே மேடையில் இருந்தது, பாட்டும் வேடிக்கையும் கூடவே இருந்தன. ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டாகச் சுருங்கிய வீட்டில் இரவு என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதை வைத்து ஒரு நாடகம் எழுதுங்கள். திருப்பூர்க்காரர்களைத் தவிர வேறு யாராலும் அதை எழுத முடியாது.

சட்ட விஷயம் சுருக்கமாக. நாடக நுழைவுக் கட்டணம் ஆளுக்கு 500 ரூபாய்க்குள் இருந்தால் ஜிஎஸ்டி கிடையாது, எனவே அந்தப் பயம் வேண்டாம். பொது இடத்தில் ஒலிபெருக்கிக்கு அனுமதி தேவை, இரவு 10 மணிக்கு மேல் கூடாது. இரண்டு வாரம் முன்பே காவல் நிலையத்தில் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் முத்திரை வாங்குங்கள். அனுமதி கைக்கு வந்ததும் அதை ஜெராக்ஸ் எடுத்து மைக் செட்காரரிடம் ஒன்று கொடுத்துவிடுங்கள், நிகழ்ச்சி நடுவில் யாராவது வந்து கேட்டால் அவரே எடுத்துக் காட்டிவிடுவார்.